நிரூபணம் சரி, ஆனால் எதை நிரூபித்தோம்? எல்எஃப் கட்டுரையை மறுபடி வாசித்தபோது

"நிரூபிச்சாச்சுன்னு சொன்னீங்களே?"

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை என் மேலாளர் என்னிடம் கேட்ட கேள்வி இது. குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

விஷயம் இதுதான். கட்டணச் சலுகை விதிகளை எழுதுவதற்கென்று ஒரு சின்ன மொழியை எங்கள் குழு உருவாக்கியிருந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதில் விதி எழுதலாம். ஒரே வாடிக்கையாளருக்கு ஒரு விதி "சலுகை உண்டு" என்றும் இன்னொரு விதி "முழுக் கட்டணம்" என்றும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் எல்லோருக்கும் இருந்த பயம். ராத்திரி நேரங்களில் தர்க்கம் படிக்கிற ஆர்வத்தில், அந்த மொழியை நான் ஒரு நிரூபண மென்பொருளுக்குள் மாதிரியாக எழுதினேன். நாங்கள் வைத்திருக்கும் சோதனையைத் தாண்டிவந்த விதிகள் ஒன்றோடொன்று முரண்படாது என்று அதில் நிரூபித்தேன். மென்பொருள் ஏற்றுக்கொண்டது, நானும் கையெழுத்துப் போட்டேன்.

சில வாரங்களில் முரண்பாடு வந்துவிட்டது. ஒரு விதி, "வயது 60-க்குக் குறைவு இல்லை என்றால் சலுகை". இன்னொன்று, "வயது 60-ஓ அதற்கு மேலோ இல்லை என்றால் முழுக் கட்டணம்". என் மாதிரியில் வயது என்பது எப்போதும் ஒரு எண். அதனால் இரண்டில் ஒன்றுதான் பொருந்தும். நிஜ சர்வரில் சிலருடைய பிறந்த தேதி காலியாக இருந்தது. காலியான வயதோடு எதை ஒப்பிட்டாலும் எங்கள் மொழி "இல்லை" என்று சொல்லும். இரண்டு ஒப்பீட்டுக்கும் பதில் "இல்லை". இரண்டு விதியிலும் அந்த "இல்லை"யை மறுக்கிறோம். ஆக இரண்டும் பொருந்திவிட்டன.

என் நிரூபணத்தில் ஒரு வரிகூடத் தப்பு இல்லை. ஆனால் அது எங்கள் மொழியைப் பற்றிய நிரூபணம் இல்லை. எங்கள் மொழி மாதிரியே இருக்கும் இன்னொரு மொழியைப் பற்றிய நிரூபணம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால் பார்த்ததும் தெரிந்துவிடும். நான் பிடித்த குரங்கு அச்சு அசலாகப் பிள்ளையார் போலவே இருந்தது, அதுதான் பிரச்சினை.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஒரு பழைய கட்டுரையை மறுபடி எடுத்து ஒழுங்காக வாசித்தேன். ராபர்ட் ஹார்ப்பர், ஃபூரியோ ஹொன்செல், கார்டன் பிளாட்கின் மூவரும் எடின்பரோவில் எழுதியது. முதல் வடிவம் 1987-ல் ஒரு மாநாட்டில் வந்தது, முழு வடிவம் 1993-ல் ஏசிஎம் ஆய்விதழில். தலைப்பைத் தமிழில் சொன்னால் "தர்க்கங்களை வரையறுக்க ஒரு சட்டகம்". அது முன்வைக்கும் அமைப்புக்கு எல்எஃப் என்று பெயர். தர்க்கச் சட்டகம் என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். இருபதுகளில் படித்தபோது டைப் தியரிக்காகப் படித்தேன். நாற்பதுகளில் படிக்கும்போது அதில் வேறொரு விஷயம்தான் கண்ணில் பட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பாம்பும் "பாம்பு"ம்

முதலில் ஒரு வேறுபாடு. "பாம்பு கடிக்கும்" என்பது பாம்பைப் பற்றிய வாக்கியம். "பாம்பு மூன்றெழுத்து" என்பது அந்தச் சொல்லைப் பற்றிய வாக்கியம். சொல் யாரையும் கடிக்காது, பிராணிக்கு எழுத்து கிடையாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். ஆங்கில இலக்கணத்தை நமக்குத் தமிழில்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? அங்கே ஆங்கிலம் பேசப்படும் பொருள், தமிழ் பேசுகிற மொழி. முதலாவதைப் பொருள்மொழி என்றும் இரண்டாவதை மேல்மொழி என்றும் இங்கே சொல்கிறேன்.

தர்க்கத்தில் இந்தப் பிரிவு தானாக வந்துவிடவில்லை. 1920-களில் ஹில்பர்ட் கணித நிரூபணங்களையே கணிதத்தின் ஆய்வுப்பொருளாக ஆக்கினார். 1931-ல் கோடல் அந்த ஆய்வை எண்களுக்குள் குறியீடாக நுழைத்து ஹில்பர்ட்டின் கனவையே ஆட்டம் காண வைத்தார். ஒரு மொழியின் மெய்ம்மையை அதற்கு மேலே இருக்கும் இன்னொரு மொழியில்தான் ஒழுங்காக வரையறுக்க முடியும் என்பதை 1933-ல் டார்ஸ்கி விளக்கினார்.

நிரலாளர்களுக்கு இன்னொரு நெருக்கமான உதாரணம் உண்டு. எம்எல் என்று ஒரு நிரல்மொழி இருக்கிறதே, இப்போது எல்லோரும் பேசுகிற மெஷின் லேர்னிங் இல்லை, ஓகேமலுக்கும் ஸ்டாண்டர்ட் எம்எல்லுக்கும் மூதாதை, அந்தப் பெயரின் விரிவே மேல்மொழி என்பதுதான். 1970-களில் ராபின் மில்னரின் குழு எடின்பரோவில் எல்சிஎஃப் என்ற நிரூபண அமைப்பைக் கட்டியபோது, தர்க்கத்துக்கு வெளியே நின்று நிரூபணங்களை உருவாக்கும் மொழியாக எம்எல் பிறந்தது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் டைப் இன்ஃபரன்ஸ் பிரபலமானதற்குப் பின்னால் தர்க்கத்தைப் பற்றிப் பேச ஒரு மொழி வேண்டும் என்ற தேவை இருந்தது.

கோடிட்ட இடத்தை நிரப்புக

சரி, ஏன் ஒரு பொதுச் சட்டகம் தேவைப்பட்டது? 80-களில் கணினியில் ஏற்ற வேண்டிய தர்க்கங்கள் பெருகிக்கொண்டே போயின. முதல்நிலைத் தர்க்கம், உயர்நிலைத் தர்க்கம், மோடல் தர்க்கம், நிரல்களைப் பற்றிய தர்க்கம் என்று ஏகப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் பார்சர், மாறிகளைக் கையாளும் நிரல், நிரூபணச் சரிபார்ப்பான் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இதில் பெரிய தொல்லை மாறிகள்தான்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "க-வைவிடப் பெரிய எண் ச ஒன்று உண்டு." க எந்த எண்ணாக இருந்தாலும் இது உண்மை. இப்போது க இருக்கும் இடத்தில் ச-வைப் போட்டால்? "ச-வைவிடப் பெரிய எண் ச ஒன்று உண்டு." அபத்தம். வெளியிலிருந்து வந்த ச-வை உள்ளே இருந்த ச பிடித்துக்கொண்டது. கம்பைலர் எழுதிய எல்லோரும் ஒருமுறையாவது இந்தப் பிழையில் விழுந்திருப்போம். சரி செய்வது கஷ்டமில்லை. ஆனால் ஒவ்வொரு அமைப்பிலும் மறுபடி மறுபடி சரி செய்ய வேண்டும், சரி செய்ததை நிரூபிக்கவும் வேண்டும்.

எல்எஃப் சொன்ன வழி: மாறிகளை நீ கையாளாதே, மேல்மொழியிடம் விட்டுவிடு. மேல்மொழி என்பது லாம்டா கால்குலஸ். அதில் ஏற்கெனவே ஃபங்ஷன் உண்டு, ஃபங்ஷனுக்குப் பாராமீட்டர் உண்டு, பாராமீட்டருக்கு மதிப்பைப் போடும்போது இந்தப் பிடித்துக்கொள்ளும் பிரச்சினை வராதபடி ஏற்பாடும் உண்டு. "எல்லாவற்றுக்கும்" என்ற அளவையை ஒரு மாறிலியாக அறிவி. அதற்கு உள்ளீடு, பொருளைக் கொடுத்தால் கூற்றைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன். பள்ளிக்கூடத்துக் கோடிட்ட இடம் மாதிரிதான். "____-வைவிடப் பெரிய எண் உண்டு" என்பது ஒரு இடம் காலியான வாக்கியம். லாம்டா அந்தக் கோடு. இந்த யோசனை இவர்களுடைய கண்டுபிடிப்பு இல்லை, 1940-லேயே சர்ச் செய்து காட்டியதுதான். இவர்கள் செய்தது அதை நிரூபணங்களுக்கும் நீட்டியது.

எப்படி? ஒவ்வொரு கூற்று அ-வுக்கும் "மெய் அ" என்று ஒரு டைப். அந்த டைப்பின் உறுப்புகள் அ-வின் நிரூபணங்கள். இப்போது "அ எனில் ஆ" என்பதை எப்படி நிரூபிப்போம்? அ-வை அனுமானமாக வைத்துக்கொண்டு ஆ-வை வருவிப்போம். எல்எஃப்-இல் இதுவும் ஃபங்ஷன்தான். அ-வின் நிரூபணத்தைக் கொடுத்தால் ஆ-வின் நிரூபணத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் உன்னிடம் இருந்தால், "அ எனில் ஆ"-வின் நிரூபணம் உனக்குக் கிடைத்துவிட்டது. அனுமானம் என்பது பாராமீட்டர். அனுமானத்தைப் பயன்படுத்துவது என்பது பாராமீட்டரைப் பயன்படுத்துவது. முழு நிரூபணத்தையும் சரிபார்ப்பது என்பது டைப் செக்கிங், அதற்கு மேல் எதுவும் இல்லை. ஒரே ஒரு டைப் செக்கர் எழுதினால் போதும், நூறு தர்க்கங்களுக்கு அதுவே சரிபார்ப்பான்.

இது வெறும் காகித அழகு இல்லை. 1990-களின் பின்பாதியில் ஜார்ஜ் நெகுலா நிரூபணத்தோடு வரும் நிரல் என்று ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து வரும் நிரல், தான் ஆபத்தில்லாதது என்பதற்கான நிரூபணத்தையும் கையோடு கொண்டுவரும், வாங்குபவர் அதைச் சரிபார்த்தால் போதும். அந்த நிரூபணங்களைக் குறிக்க எல்எஃப்-தான் பயன்பட்டது. கண்டுபிடிப்பது கஷ்டம், சரிபார்ப்பது சுலபம் என்ற பழைய உண்மையைத் தொழிலுக்குக் கொண்டுவந்த வேலை அது.

பலவீனம்தான் பலம்

கட்டுரையின் உயிர் இதற்கு அடுத்து வருகிறது. என் இருபதுகளில் நான் தாண்டிப்போன பகுதி இதுதான். ஒரு தர்க்கத்தை எல்எஃப்-இல் எழுதிவிட்டாய், நல்லது. நீ எழுதியது அந்தத் தர்க்கம்தான் என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு அவர்கள் வைத்த பெயரை நான் "போதுமை" என்று தமிழ்ப்படுத்திக்கொள்கிறேன். காகிதத்தில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், ஒவ்வொரு நிரூபணத்துக்கும் எல்எஃப்-இல் சரியாக ஒரே ஒரு செம்மையான வடிவம் இருக்க வேண்டும். எல்எஃப்-இல் இருக்கும் ஒவ்வொரு செம்மையான வடிவமும் காகிதத்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, ஒன்று குறையவும் கூடாது. அதோடு, காகிதத்தில் ஒரு மாறிக்குப் பதில் இன்னொன்றைப் போடுவதும் எல்எஃப்-இல் போடுவதும் ஒத்துப்போக வேண்டும். கட்டுரை தன் உதாரணத் தர்க்கங்களுக்கு இப்படியொரு தேற்றத்தைச் சொல்கிறது.

"கூடவும் கூடாது" என்பதில்தான் சூட்சுமம். எல்எஃப் ஒரு பலவீனமான மொழி. அதில் தொகுத்தறிதல் கிடையாது, ஒரு மதிப்பு எது என்று பார்த்துப் பிரியும் கேஸ் வசதியும் கிடையாது. ஏன் சேர்க்கவில்லை? கோடிட்ட இடத்துக்கே திரும்புவோம். கேஸ் வசதி இருந்தால், உள்ளே போடப்படும் விடையை எட்டிப் பார்த்து, "பூஜ்யம் வந்தால் இந்த வாக்கியம், வேறு ஏதாவது வந்தால் அந்த வாக்கியம்" என்று மாறும் ஒரு ஃபங்ஷனை எழுதலாம். அது ஃபங்ஷன்தான். ஆனால் அது கோடிட்ட வாக்கியம் இல்லை. எந்த மாணவன் எந்த விடையை எழுதினாலும் கேள்வித்தாள் மாறக் கூடாது, இல்லையா? இப்படி நுழையும் போலிகள் போதுமையைக் கெடுத்துவிடும். ஆகவே மொழியை வேண்டுமென்றே பலவீனமாக வைத்தார்கள். வசதி கூடக் கூட நல்லது என்று நினைக்கும் நம் தொழிலில் இந்தக் கட்டுப்பாட்டை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

அதற்கான விலையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. தொகுத்தறிதல் இல்லாத மொழியில் "இந்தத் தர்க்கத்தின் எல்லா நிரூபணங்களுக்கும் இந்தப் பண்பு உண்டு" என்று உள்ளேயே நிரூபிக்க வழியில்லை. ஒவ்வொரு நிரூபணத்தையும் எழுதலாம், நிரூபணங்களைப் பற்றிப் பொதுவாக எதையும் நிறுவ முடியாது. ஆராய்ச்சியாளர்களுக்கு வேண்டியதோ பெரும்பாலும் இரண்டாவதுதான். ஃப்ராங்க் ஃபென்னிங்கும் கார்ஸ்டன் ஷூர்மனும் உருவாக்கிய டுவெல்ஃப் இதற்கு மேலே இன்னொரு மாடி கட்டியது. நிரூபணத்தை எல்எஃப் உறவுகளாக எழுதினால், எல்லாக் கேஸும் வந்திருக்கிறதா, முடிவில்லாமல் ஓடாதா என்று டுவெல்ஃப் வெளியிலிருந்து சோதிக்கும். இந்த வழியில் பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. 2005-ல் நிரல்மொழி ஆய்வாளர்கள் பாப்ல்மார்க் என்ற சவாலை வைத்தபோது பலரும் மாறிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, டுவெல்ஃப்காரர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 2007-ல் லீ, க்ராரி, ஹார்ப்பர் மூவரும் ஸ்டாண்டர்ட் எம்எல் அளவுக்குப் பெரிய மொழியின் டைப் பாதுகாப்பை டுவெல்ஃபில் செய்து காட்டினார்கள்.

ஆனால் டுவெல்ஃபின் மாடியிலும் கூரை தாழ்வுதான். "ஒவ்வொரு இதற்கும் ஒரு அது உண்டு" என்ற வடிவத்துக்குள் அடங்குகிற தேற்றங்களுக்கு அது அருமையான கருவி. அதைவிடச் சிக்கலான வடிவம் வந்தால் தலை இடிக்கும். அபெல்லா, பெலூகா போன்ற அமைப்புகள் பிறகு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாறிகள் இலவசம் என்று விளம்பரம் செய்தவர்கள், தொகுத்தறிதலுக்குத் தனிக் கட்டணம் என்பதைச் சின்ன எழுத்தில்தான் போட்டார்கள். எல்எஃப்-ஐப் புகழும் பல அறிமுகங்களில் எனக்கு இருக்கும் மனக்குறை இது.

அன்லிமிடெட் மீல்ஸ்

இரண்டாவது மனக்குறை கொஞ்சம் ஆழமானது. எல்லாத் தர்க்கங்களுக்கும் பொதுவான சட்டகம் என்கிறோமே, பொது என்றால் நடுநிலையா?

எல்எஃப்-க்கு முன்னோடி, நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனில் 1967-ல் டி பிரௌன் தொடங்கிய ஆட்டோமாத். கணிதத்தை இயந்திரம் சரிபார்க்கும்படி எழுதும் மொழி. லாண்டாவின் பகுப்பாய்வு அடிப்படைப் புத்தகம் முழுவதையும் வான் பெந்தம் யூட்டிங் 1970-களில் அதில் எழுதி முடித்தார். தன் ஆட்டோமாத்தை டி பிரௌன் ஒரு பெரிய உணவகத்தோடு ஒப்பிட்டதுண்டு. சைவக்காரருக்குச் சைவம், மத ஆசாரப்படி சாப்பிடுபவருக்கு அதன்படி. எந்தத் தர்க்கத்தை நம்புகிறவரும் உள்ளே வரலாம், உணவகம் யார் மீதும் எதையும் திணிக்காது.

நல்ல உவமை. ஆனால் சமையலறைக்கென்று ஒரு பழக்கம் இருக்கத்தான் செய்கிறது. எல்எஃப்-இல் அனுமானம் என்பது பாராமீட்டர் என்று பார்த்தோம். பாராமீட்டரை ஒரு ஃபங்ஷனுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் விடலாம். அதாவது இது அன்லிமிடெட் மீல்ஸ். சாம்பார் எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள், வேண்டாம் என்றாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். வழக்கமான தர்க்கங்களுக்கு இது பொருந்தும். ஒரு உண்மையை ஒருமுறை பயன்படுத்திவிட்டதால் அது தீர்ந்துபோய்விடாதே.

ஆனால் அளவுச் சாப்பாட்டுத் தர்க்கமும் உண்டு. எல்எஃப் முதலில் வெளிவந்த அதே 1987-ல் ழான்-ஈவ் ஜிரார் நேரியல் தர்க்கத்தை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு அனுமானத்தையும் சரியாக ஒரே ஒருமுறை செலவழிக்க வேண்டும். கையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு இருந்தால் சினிமாவுக்கும் போகலாம், புத்தகமும் வாங்கலாம், ஆனால் அதே நோட்டை வைத்து இரண்டையும் செய்ய முடியாது. இந்தத் தர்க்கத்தை எல்எஃப்-இல் எழுதவே முடியாது என்றில்லை. எழுதலாம். ஆனால் எல்எஃப் இலவசமாகத் தந்த வசதியைப் பயன்படுத்த முடியாது. எந்த அனுமானம் செலவாயிற்று, எது மிச்சம் என்று நீயே கணக்கெழுத வேண்டும். எதற்காகச் சட்டகத்தைத் தேடி வந்தோமோ அந்த வேலையே மறுபடி நம் தலையில்.

1996-ல் செர்வெசாட்டோவும் ஃபென்னிங்கும் நேரியல் எல்எஃப்-ஐ முன்வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரே நேரத்தில் நடக்கும் நிகழ்வுகளுக்காக இன்னொரு நீட்சி வந்தது. எல்லாத் தர்க்கங்களுக்கும் ஒரு சட்டகம் என்று தொடங்கியது, சட்டகங்களின் குடும்பமாகப் பெருகியது. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. எந்த மேல்மொழியும் வெறும் கண்ணாடி இல்லை. எதைச் சுலபமாகச் சொல்ல முடியும், எதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும் என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், இசபெல். பால்சன் 1986 வாக்கில் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. இதுவும் பல தர்க்கங்களுக்கான பொதுக் கருவியாகத்தான் வடிவமைக்கப்பட்டது. இன்று பெரும்பாலானவர்கள் இசபெல் என்று சொன்னால் அதன் உயர்நிலைத் தர்க்கப் பதிப்பைத்தான் சொல்கிறார்கள். கடையில் நூறு ரகம் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகத்தைத்தான் வாங்கிப்போகிறார்கள். நூலகமும் தானியங்கி உத்திகளும் எங்கே சேர்கிறதோ அங்கேதான் ஜனமும் சேரும். பொதுமை என்பது ஆராய்ச்சியாளர் கேட்ட வசதி, பயனாளர் கேட்டது அது இல்லை.

நேர் எதிர்த் திசையில் போனவர் நார்மன் மெகில். அவருடைய மெட்டாமாத்தில் லாம்டாவும் இல்லை, டைப் தியரியும் இல்லை. குறியீட்டுச் சரங்களில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவது மட்டும்தான். மாறி பிடித்துக்கொள்ளும் பிரச்சினையை அது ஒளிக்கவில்லை. "இந்த இரண்டு மாறிகளும் வேறு வேறாக இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையைத் தேவைப்படும் இடத்தில் எல்லாம் வெளிப்படையாக எழுத வைக்கிறது. எழுதச் சலிப்பாக இருக்கும். ஆனால் சில நூறு வரிகளில் ஒரு சரிபார்ப்பானை எழுதிவிடலாம். நான் ஒரு விடுமுறை வாரத்தில் முயன்று பார்த்தேன், ஓடியது. என் வாழ்க்கையில் முழுமையாகப் புரிந்துகொண்டு நம்பும் ஒரே நிரூபண மென்பொருள் அதுதான்.

யார் சரிபார்ப்பது?

இப்போது என் மேலாளரின் கேள்விக்குத் திரும்பலாம்.

போதுமைத் தேற்றத்தைப் பற்றி ஒரு விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தேற்றத்தின் நிரூபணம் எங்கே நடக்கிறது? எல்எஃப்-க்குள் இல்லை. காகிதத்தில், சாதாரண கணித நடையில், மனிதர்கள் வாசிப்பதற்காக எழுதப்படுகிறது. வேறு வழி கிடையாது. ஒரு பக்கத்தில் காகிதத் தர்க்கம், மறு பக்கத்தில் அதன் குறியீடு. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் வெளியே நிற்க வேண்டும். காகிதத் தர்க்கத்தையும் இன்னொரு அமைப்பில் குறியீடாக்கி இயந்திரத்திடம் கொடுக்கலாம்தான். அப்போது அந்தக் குறியீடு சரியா என்று கேட்க வேண்டும். மேல்மொழிக்கு ஒரு மேல்மொழி, அதற்கும் ஒரு மேல்மொழி. எங்கேயோ ஒரு மனிதர் கண்ணால் பார்த்து "ஆமாம், நான் நினைத்தது இதுதான்" என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராண்டி பொல்லாக் 1990-களில் எழுதிய ஒரு கட்டுரை இதை இரண்டு கேள்விகளாகத் தெளிவாகப் பிரித்தது. இது அந்த அமைப்பில் ஒரு நிரூபணமா? இது ஒரு கேள்வி. நிரூபிக்கப்பட்ட வாக்கியத்துக்கு நான் நினைக்கும் பொருள்தான் இருக்கிறதா? இது இன்னொன்று. முதலாவதை இயந்திரத்திடம் விடலாம், சரிபார்ப்பான் சின்னதாக இருந்தால் நம்பியே விடலாம். இரண்டாவதை விட முடியாது. நான் முதல் கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதைப் படிக்கும் சிலர் "அப்படின்னா நிரூபணமே வீண்தானே, டெஸ்ட் எழுதினால் போதாதா?" என்று கேட்கலாம். எனக்கும் அந்தத் திங்கட்கிழமை அப்படித்தான் தோன்றியது. இப்போது தோன்றவில்லை. செல்4 என்ற இயங்குதள மையக்கருவை 2009-ல் இசபெல்லில் சரிபார்த்தவர்கள், சுமார் 8,700 வரி சி நிரலைப் பற்றிய நிரூபணத்தோடு இன்னொன்றையும் சேர்த்து எழுதினார்கள். கம்பைலரை நம்பியிருக்கிறோம், அசெம்பிளியில் எழுதிய பகுதியை நம்பியிருக்கிறோம், வன்பொருளை நம்பியிருக்கிறோம் என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் நிரூபணத்தின் குறை இல்லை. நிரூபணம் செய்ததால்தான் அப்படியொரு பட்டியலையே போட முடிந்தது. நிரூபணம் இல்லாதபோது நம்பிக்கை நிரல் முழுக்கக் கரைந்து கிடக்கும், எங்கே என்று கை வைத்துக் காட்ட முடியாது. நிரூபணம் அதை ஓரிடத்தில் குவித்துக் காட்டும். குவித்த இடத்தைப் பார்க்காமல் விட்டது என் தப்பு, கருவியின் தப்பு இல்லை.

கட்டுரையைப் பற்றிய என் தீர்ப்பும் இதுதான். எல்எஃப்-இன் சாதனை தர்க்கங்களை ஒன்றாக்கியது இல்லை. அது முழுக்க நடக்கவும் இல்லை. "நீ எழுதியதும் நீ சொல்ல நினைத்ததும் ஒன்றா?" என்ற கேள்வியைச் சம்பிரதாய முன்னுரையாக ஒதுக்காமல், நிறுவ வேண்டிய தேற்றமாகவே முன்னால் வைத்ததுதான் அதன் சாதனை. பிறகு வந்தவர்களில் பலர் டைப் தியரியை எடுத்துக்கொண்டு போதுமையை ஒரு அடிக்குறிப்பாகச் சுருக்கிவிட்டார்கள். "குறியீடு போதுமையானது என்பது வெளிப்படை" என்கிற ரீதியில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்வதை எத்தனையோ கட்டுரைகளில் பார்க்கிறேன். வெளிப்படை என்றுதான் நானும் நினைத்தேன். வயது என்றால் எண்தானே?

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. 1993 கட்டுரையின் டைப் தியரி நிரூபணங்களில் முதல் வாசிப்பிலேயே மாட்டிக்கொள்ளாதீர்கள். தர்க்கங்களைக் குறியீடாக்கும் பகுதியையும் போதுமைத் தேற்றங்களையும் முதலில் படியுங்கள். சமத்துவம், செம்மை வடிவம் பற்றிய கோட்பாட்டை ஹார்ப்பரும் ஃபென்னிங்கும் 2005-ல் வேறு வழியில் எழுதியிருக்கிறார்கள். 2007-ல் ஹார்ப்பரும் டான் லிகாட்டாவும் எழுதிய கட்டுரை புதியவர்களுக்கு இன்னும் நல்ல நுழைவாயில். அதைப் படித்துவிட்டு மூலத்துக்குத் திரும்பினால் பாதிக் கஷ்டம் குறையும்.

அலுவலகத்தில் என்ன மாறியது? நாங்கள் மாதிரியைத் திருத்தினோம். வயதுக்கு "காலி" என்ற மதிப்பையும் சேர்த்தபோது பழைய நிரூபணம் உடைந்தது, உடைய வேண்டியதுதான். அதைவிட முக்கியமாக, இப்போது எந்த நிரூபணத்துக்கும் முன்னால் ஒரு பக்கம் எழுதுகிறோம். மாதிரியில் இருப்பது என்ன, நிஜ சர்வரில் அதற்கு ஈடாக இருப்பது என்ன, சர்வரில் இருந்து மாதிரியில் இல்லாதது என்ன. பிறகு ஏராளமான உள்ளீடுகளைத் தானாக உருவாக்கி மாதிரியிலும் நிஜ நிரலிலும் ஓட்டி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறோம். இது போதுமைத் தேற்றம் ஆகாது. ஆனால் அந்தத் தேற்றம் கேட்கிற கேள்வியையாவது கேட்கிறோம்.

அந்தப் பக்கத்துக்கு எங்கள் குழுவில் ஒரு இளம்பெண் பெயர் வைத்தார். கோப்பின் பெயரே அதுதான்: "பிள்ளையாரா பாருங்க சார்". போன மாதம் ஒரு நிரூபணத்தை முடித்துவிட்டு மேலாளரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது நிரூபணத்தை இல்லை.

"அந்த ஒரு பக்கம் எங்கே?"